புழுவுக்கு பியானோ வாசித்துக் காட்டிய டார்வின்: மண்புழு, சாணம், 44 ஆண்டு ஆராய்ச்சியின் கதை

மண்புழு உழவனின் நண்பன். பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு வகுப்பில் ஒரு மார்க் கேள்விக்காக இதை நாம எல்லாருமே மனப்பாடம் பண்ணியிருப்போம். ஆனா அந்த நண்பன் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு வேலை செய்கிறான் என்று உட்கார்ந்து அளந்து பார்த்தவர் யார் தெரியுமா? பரிணாமக் கொள்கை, குரங்கு, மனிதன் என்றதும் ஞாபகத்துக்கு வரும் அதே சார்லஸ் டார்வின்தான்.

அவருடைய கடைசிப் புத்தகம் மண்புழு பற்றியது. 28 வயதில் தொடங்கிய கேள்விக்கு 72 வயதில்தான் முழுப் பதில் எழுதினார். நடுவில் 44 ஆண்டுகள். அது வெளியான ஆறு மாதத்தில் இறந்தும் போனார். இன்று இயற்கை விவசாயம், தொழுவுரம், மண்ணுயிர் என்று பேசும்போதெல்லாம் நாம் சுற்றி வருவது அந்தக் கேள்வியைத்தான். முழுக் கதையையும் பார்ப்போம்.

தாய்மாமன் போட்ட இரண்டு விதைகள்

1809 பிப்ரவரி 12. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி ஊரில் டார்வின் பிறந்தார். அப்பா ராபர்ட், வசதியான டாக்டர். அம்மா சூசன்னா, பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர் போன வெட்ஜ்வுட் குடும்பத்துப் பெண். டார்வினுக்கு எட்டு வயதானபோது அம்மா இறந்துவிட்டார்.

பையனும் டாக்டர் ஆகட்டும் என்று அப்பா எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அறுவை சிகிச்சையைப் பார்க்கவே அவரால் முடியவில்லை, படிப்பை விட்டுவிட்டார். சரி, பாதிரியாராவது ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜ் அனுப்பினார்கள். அங்கே அவர் பாடத்தைவிட வண்டு பிடிப்பதில்தான் அதிக நேரம் செலவிட்டார்.

1831-ல் பீகிள் கப்பலில் உலகம் சுற்ற வாய்ப்பு வந்தது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது மருமகனுக்காகப் பேசி சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட். அந்த மாமா வாய் திறக்காமல் இருந்திருந்தால் பீகிள் பயணம் இல்லை, பரிணாமக் கொள்கையும் வேறு யார் பெயரிலாவது இருந்திருக்கும்.

அதே மாமாதான் மண்புழுவையும் கையில் எடுத்துக் கொடுத்தார்.

பயணம் முடிந்து 1836 அக்டோபரில் ஊர் திரும்பிய டார்வின், லண்டனில் ராப்பகலாக வேலை பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார். ஓய்வுக்காக 1837-ல் மாமா வீடு இருந்த மேயர் கிராமத்துக்குப் போனார். மாமா அவரை மேய்ச்சல் நிலத்துக்கு அழைத்துப் போய் ஒரு விஷயத்தைக் காட்டினார். சில வருஷத்துக்கு முன்பு நிலத்தை வளப்படுத்த மேலே தூவிய சுண்ணாம்பும் சாம்பல் கட்டியும் இப்போது மேலே இல்லை. குழி தோண்டிப் பார்த்தால், புல்லுக்குக் கீழே சில அங்குல ஆழத்தில் ஒரே கோடாகப் படுத்திருக்கின்றன. யாரும் அந்த நிலத்தை உழவில்லை. அப்போ யார் புதைத்தது?

மண்புழுதான் என்பது மாமாவின் யூகம். புழு கீழே இருந்து மண்ணைத் தின்று மேலே வந்து கழிக்கிறது. அந்தக் கழிவு மேலே மேலே சேர, சுண்ணாம்பு கீழே போனது போலத் தெரிகிறது. டார்வினுக்கு இது அப்படியே பிடித்துப்போனது. அதே வருஷம் நவம்பர் 1-ம் தேதி லண்டன் புவியியல் சங்கத்தில் இது பற்றிக் கட்டுரை வாசித்தார்.

இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த மாமாவின் மகள் எம்மாவைத்தான் 1839 ஜனவரியில் டார்வின் கல்யாணம் பண்ணிக்கொண்டார். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், மாமா பொண்ணு.

29 வருஷம் காத்திருந்த குழி

1842-ல் டார்வின் குடும்பம் லண்டனை விட்டு கென்ட் பகுதியில் உள்ள டவுன் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. பத்துக் குழந்தைகள் பிறந்தார்கள். மூன்று பேர் சின்ன வயதிலேயே இறந்தார்கள். பத்து வயது மகள் ஆனியை 1851-ல் இழந்த வலியிலிருந்து அவர் முழுதாக மீளவே இல்லை. அவருக்கும் வாழ்நாள் முழுக்க வயிற்றுக் கோளாறு, வாந்தி, சோர்வு. இதற்கு நடுவில்தான் 1859-ல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகம் வந்து உலகத்தையே உலுக்கியது.

ஆனா புழுவை அவர் மறக்கவில்லை. டவுனுக்கு வந்த அதே வருஷம் டிசம்பர் 20-ம் தேதி, வீட்டுக்குப் பக்கத்து நிலத்தின் ஒரு பகுதியில் உடைத்த சுண்ணக் கல்லைப் பரப்பிவிட்டார். பிறகு காத்திருந்தார். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லீங்க. 29 வருஷம். 1871 நவம்பரில் குழி தோண்டிப் பார்த்தபோது வெள்ளைக் கட்டிகள் 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. அதாவது கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர்.

இன்னொரு நிலமும் இருந்தது. 1841-ல் கடைசியாக உழுதது. கல் கொட்டிக் கிடக்கும். அவருடைய பிள்ளைகள் அதற்குக் கல் வயல் என்றே பெயர் வைத்திருந்தார்கள். சரிவில் ஓடினால் கற்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். தன் ஆயுசுக்குள் இந்தக் கல்லெல்லாம் மூடப்படுமா என்று டார்வினுக்கே சந்தேகம். 30 வருஷத்தில் அந்த நிலத்தில் குதிரை கல்லில் கால் படாமல் பாய்ந்து ஓடும் அளவுக்கு மண்ணும் புல்லும் மூடிவிட்டன.

இதற்குள் எதிர்ப்பும் வந்தது. 1869-ல் தோட்டக்கலை இதழ் ஒன்றில் ஒருவர், இத்தனூண்டு புழுவால் இவ்வளவு பெரிய வேலை நடக்காது என்று எழுதினார். டார்வினுக்கு இது பழகிய வாதம். ஒரு சின்ன மாற்றம் ஓயாமல் நடந்தால் கடைசியில் எவ்வளவு சேரும் என்பதைக் கூட்டிப் பார்க்க மனித மனசுக்கு வராது. மலை தேய்வதை நம்ப மறுத்ததும் அதனால்தான், பரிணாமத்தை நம்ப மறுத்ததும் அதனால்தான் என்பது அவருடைய எண்ணம். அந்த வகையில் புழு அவருக்குப் பக்க வேலையே கிடையாது. தன் வாழ்க்கையின் மொத்த வாதத்தையும் வீட்டுப் புல்வெளியிலேயே நிரூபித்துக் காட்டும் வாய்ப்பு.

பியானோ, விசில், 303 காகித முக்கோணம்

எழுபது வயதை நெருங்கும்போது அவருடைய படிப்பறை முழுக்க மண் நிரப்பிய தொட்டிகள். உள்ளே புழுக்கள். குடும்பமே ஆராய்ச்சியில் இறங்கியது.

புழுவுக்குக் காது கேட்குமா? உலோக விசில் ஊதினார்கள். பசூன் என்ற பெரிய குழல் கருவியை வாசித்தார்கள். கத்திப் பார்த்தார்கள். பக்கத்தில் பியானோவைச் சத்தமாக வாசித்தார்கள். புழு கண்டுகொள்ளவே இல்லை. ஆனா தொட்டியைத் தூக்கி பியானோ மேலேயே வைத்து ஒரு ஸ்வரத்தைத் தட்டியதும் விருட்டென்று வளைக்குள் போய்விட்டது. ஆக, புழுவுக்குச் சத்தம் தெரியாது, அதிர்வு தெரியும்.

புழுவுக்குப் புத்தி உண்டா? ஓரளவு விறைப்பான எழுதும் காகிதத்தை முக்கோணமாக வெட்டி, ஈரத்தில் ஊறிப்போகாமல் இருக்கக் கொழுப்பு தடவி, மொத்தம் 303 துண்டுகளைப் போட்டார். இரவில் வளை வாயை அடைக்கப் புழு இலைகளை இழுத்துக்கொள்ளும். முக்கோணத்தின் கூர் முனையைப் பிடித்து இழுத்தால்தான் சுலபமாக உள்ளே போகும். 62 சதவீதத் துண்டுகளைப் புழுக்கள் கூர் முனையைப் பிடித்தே இழுத்திருந்தன. கண்ணே இல்லாத உயிருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

1877-ல், 68 வயதில், ஸ்டோன்ஹெஞ்ச் போய் விழுந்து கிடந்த பெருங்கற்களின் ஓரத்தில் குழி தோண்டவைத்தார். புழு எவ்வளவு மண்ணை மேலே கொண்டுவந்து கல்லை இறக்கியிருக்கிறது என்று பார்க்கத்தான்.

இதில் நம்ம பக்கத்துக்கும் ஒரு சின்ன இடம் உண்டு. கல்கத்தா தாவரவியல் பூங்காவில் இருந்த ஜார்ஜ் கிங், இந்தியப் புழுக்களின் கழிவு மண்ணை டார்வினுக்குக் கிடைக்கச் செய்தார். கல்கத்தாவிலிருந்து கோபுரம் மாதிரி நிற்கும் ஒன்று. நீலகிரி மலையிலிருந்து இன்னொன்று. அந்த நீலகிரிப் புழு மண்ணின் படம் டார்வினின் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது.

புத்தகம் சொன்னது என்ன?

1881 அக்டோபரில் புத்தகம் வெளியானது. சுருக்கமாகச் சொன்னால் மூன்று விஷயம்.

• இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கரில் வருஷத்துக்கு 10 டன்னுக்கும் மேலான மண் புழுவின் உடம்பு வழியாகப் போய் மேலே வருகிறது.
• இலை, தழை எல்லாவற்றையும் இழுத்து, அரைத்து, மண்ணோடு கலப்பது புழுதான்.
• கலப்பை வருவதற்கு ரொம்ப காலம் முன்பே நிலம் புழுவால் உழப்பட்டுக்கொண்டு இருந்தது.

அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் பலருக்கு மண்புழு என்றாலே வேரைக் கெடுக்கும் தொல்லை, புல்வெளியை அசிங்கமாக்கும் பூச்சி. அப்படியிருக்க, புத்தகம் சில வாரங்களிலேயே ஆயிரக்கணக்கில் விற்றது. பஞ்ச் பத்திரிகை டார்வினையும் புழுவையும் சேர்த்து கார்ட்டூன் போட்டது. கிண்டல்தான். ஆனா மண்ணுக்குள் இருக்கும் உயிர் மண்ணை உருவாக்குகிறது என்ற எண்ணம் பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

சரி, சாணம் எங்கே வருது?

டார்வின் கேட்ட கேள்வி, புழு மண்ணை என்ன செய்கிறது என்பது. விவசாயிக்கு இன்னொரு கேள்வி உண்டு. நாம் போடும் எரு புழுவையும் மற்ற மண்ணுயிர்களையும் என்ன செய்கிறது?

இதற்கான பதில் டார்வின் வீட்டிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் என்ற பண்ணையில் ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற இருவர் 1843-ல் பிராட்பாக் என்ற கோதுமை வயலில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். டார்வின் சுண்ணக் கல் பரப்பியதற்கு அடுத்த வருஷம். ஒரு பாத்திக்கு எதுவுமே போடுவதில்லை. ஒன்றுக்கு வருஷா வருஷம் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம். மற்றவற்றுக்கு விதவிதமான ரசாயன உரம். அந்தச் சோதனை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

1920-களின் தொடக்கத்தில் அங்கே மண்ணை எடுத்துச் சலித்து, உள்ளே இருந்த சின்ன உயிர்களை எண்ணிப் பார்த்தார்கள். தொழுவுரம் போட்ட பாத்தியில் இருந்தவை, எதுவும் போடாத பாத்தியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புழு, பூச்சி, சிலந்திப்பேன், மரவட்டை எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

ஏன் இப்படி? காரணம் எளிமையானது. மாடு தின்பதில் கணிசமான பகுதி செரிக்காமல் வெளியே வருகிறது. அறுவடை முடிந்த வயலில் மண்ணுயிர்களுக்குப் பெரிய பஞ்சமே சாப்பாடுதான். சாணம் விழுந்ததும் முதலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும். பூஞ்சையைத் தின்ன ஸ்பிரிங்டெயில் என்ற துள்ளும் சிற்றுயிர்கள் வரும். அவற்றைத் தின்னச் சிலந்திப்பேன்களும் வண்டுகளும் வரும். புழு இதையெல்லாம் மண்ணோடு சேர்த்து விழுங்கி, வளை தோண்டி, காற்றுக்கும் தண்ணிக்கும் வழி செய்யும். ஒரு கூடை எரு போடும்போது பயிருக்கு மட்டும் நாம் சோறு போடவில்லை, ஒரு பெரிய பந்தியே நடக்கிறது.

அப்போ ரசாயன உரம் போட்டால் புழு செத்துவிடுமா? இங்கேதான் நிதானம் வேணும். ராதம்ஸ்டெட்டிலேயே பார்க் கிராஸ் என்ற புல்வெளிச் சோதனை 1856-லிருந்து நடக்கிறது. அங்கே பல ஆண்டுகள் அம்மோனியம் சல்பேட் போட்டு, சுண்ணாம்பு போடாமல் விட்ட இடங்களில் மண் கடுமையாக அமிலமாகிவிட்டது. மண்புழு காணாமல் போனது. விளைவு, காய்ந்த புல் மட்காமல் மேலே மெத்தை மாதிரி தங்கிவிட்டது. இழுத்துப் புதைக்க ஆள் இல்லை! டார்வின் சொன்னதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. ஆனா அதே வெளியில் சோடியம் நைட்ரேட் போட்ட இடங்களில் மண் அப்படி அமிலமாகவில்லை. ஆக, உரம் என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துத் திட்ட முடியாது.

அப்போ எல்லாச் சாணமும் நல்லதுதானா?

இல்லை. இதைத்தான் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் சொல்வதில்லை.

முதல் விஷயம், பச்சைச் சாணக் கரைசல். புழு தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. பெரிய பண்ணைகளில் தொட்டியில் தேங்கிய கரைசலை அப்படியே அதிகமாகக் கொட்டினால், அதிலுள்ள அம்மோனியாவும் உப்பும் தோலைத் தாக்கும், மண்ணில் ஆக்சிஜனும் குறையும். புழுக்கள் தவித்து மேலே வரும், பலது சாகும், மிச்சத்தைப் பறவை தின்னும். அளவாகப் போட்டால் பின்னர் எண்ணிக்கை மீளும், சில சமயம் முன்பைவிடக் கூடவும் செய்யும். நன்றாக மட்கிய எருவில் இந்த ஆபத்து ரொம்பக் குறைவு.

இரண்டாவது, மாட்டுக்குப் போட்ட மருந்து. குடற்புழு நீக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஐவர்மெக்டின் கால்நடைக்கு விற்பனைக்கு வந்தது 1981-ல். டார்வினின் புழுப் புத்தகம் வந்து சரியாக 100 வருஷம் கழித்து. இந்த மருந்தின் ஒரு பகுதி சாணத்திலேயே வெளியே வரும். மண்புழுவுக்கு இதனால் பெரிய பாதிப்பு தெரிவதில்லை. ஆனா அந்தச் சாணத்தில் முட்டையிடும் சாணி வண்டு, ஈ ஆகியவற்றின் இளம்புழுக்கள் வளராமல் செத்துப்போகும். வண்டு குறைந்தால் மேய்ச்சல் நிலத்தில் சாணம் மண்ணுக்குள் போவதும் தாமதமாகும்.

மூன்றாவது, உலோகம். பன்றி, கோழித் தீவனத்தில் செம்பும் துத்தநாகமும் சேர்ப்பது பல நாடுகளில் வழக்கம். அதில் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியேறி நிலத்துக்கு வருகிறது. இது மட்கிக் காணாமல் போகாது, வருஷா வருஷம் சேரும். செம்பு அதிகமானால் மண்புழுவுக்கு விஷம்.

நான்காவது, ஒரு சின்னக் குழப்பம். மண்புழு உரக் கூடத்தில் வளர்க்கும் சிவப்புப் புழு வேறு, வயலில் ஆழமாக வளை தோண்டும் புழு வேறு. முதல் வகை எருக் குவியலிலேயே வாழப் பிறந்தது. அதை வாங்கி வெறும் வயலில் விட்டால் சாப்பாடு இல்லாமல் தாக்குப்பிடிக்காது. வயலுக்குச் சாப்பாடு போட்டு, மண்ணைக் கெடுக்காமல் விட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கும் புழுக்கள் தானாகப் பெருகும்.

கடைசி ஆறு மாதம்

புத்தகம் வருவதற்கு ஒன்றரை மாதம் முன்பு, 1881 ஆகஸ்டில், டார்வினின் அண்ணன் எராஸ்மஸ் இறந்தார். டவுன் கிராமத்துச் சர்ச் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். சின்ன வயதில் போன இரண்டு குழந்தைகளும் அங்கேதான். தனக்கும் அந்த மண்தான் என்பது டார்வினின் எண்ணம். பாதி வாழ்நாள் எந்தப் புழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ, அதே புழுக்களின் மண்.

1882 ஏப்ரல் 19-ல் அவர் வீட்டிலேயே இறந்தார். வயது 73. ஆனா நாடு அவரை விடவில்லை. அறிவியல் நண்பர்கள் முயற்சி எடுத்து, ஏப்ரல் 26-ல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், நியூட்டன் இருக்கும் அதே கூரைக்குக் கீழே அடக்கம் செய்தார்கள். பெரிய மரியாதைதான். ஆனா மேலே புல் இல்லை, கல் தரை. எம்மா 1896-ல் இறந்தபோது அவரை மட்டும் கிராமத்து மண்ணில் வைத்தார்கள்.

டவுன் வீட்டுப் புல்வெளியில் இன்றும் வட்டமான ஒரு கல்லைப் பார்க்கலாம். பொறியாளரான மகன் ஹொரஸ், புழு எவ்வளவு வேகத்தில் கல்லை இறக்குகிறது என்று அளக்கச் செய்த ஏற்பாட்டை நினைவுபடுத்துவது அது. வருஷத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் என்று கணக்கு வந்தது.

2 மில்லிமீட்டர் என்றால் கண்ணுக்கே தெரியாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் தோட்டத்திலோ, வயலிலோ, மாடித் தொட்டியிலோ ஒரு கைப்பிடி மண்ணைக் கிளறிப் பாருங்க. உள்ளே ஏதாவது நெளிந்தால் நிலம் நல்லா இருக்குன்னு அர்த்தம். எதுவுமே நெளியலைன்னா, அந்த மண்ணுக்கு இத்தனை வருஷம் என்ன போட்டோம், எதைப் போடாமல் விட்டோம் என்று வீட்டில் பெரியவங்ககிட்ட கேட்கிறதுல இருந்து தொடங்கலாம்.